மங்கா வாங்குபவர்களுக்கு: விலைக்கு முன்னால் விற்பவரைப் பாருங்கள்

புத்தகத்தை ஆன்லைனில் வாங்குவதா, கடையிலா என்று பேச்சு வந்தால் உடனே விலைக்குப் போய்விடுகிறோம். எம்.ஆர்.பி. 499. ஆன்லைனில் 350. கடையில் மிஞ்சினால் பத்து சதவீதம் கழிவு. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். முடியவில்லை. கைக்கு வந்தது எந்தப் பதிப்பு, அது அசல்தானா, கோளாறு இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்ற மூன்றையும் சேர்த்தால்தான் அது கணக்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் புத்தகத்தையும், மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) தொடரின் முதல் வால்யூமையும் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். எந்தப் பதிப்பு என்று உறுதியாகத் தெரிந்த அடுத்தடுத்த வால்யூம்களை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம், விற்பவர் யார் என்று தெரிந்திருந்தால். தெரியாத ஆளிடம் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

தமிழ்ப் புத்தகத்தில் இருந்து தொடங்குவோம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. அதனால் பொன்னியின் செல்வனை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். ஐந்து பாகமும் தனித்தனியாக வரும், ஒரே தடிமனான புத்தகமாகவும் வரும். ஆன்லைனில் அட்டைப் படம்தான் தெரியும். எழுத்தின் அளவு, தாளின் கனம், பைண்டிங், பிழை எவ்வளவு என்பதெல்லாம் தெரியாது. அதைவிட மோசம், வெவ்வேறு பதிப்புகளுக்கு வந்த விமர்சனங்கள் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். "அருமையான அச்சு" என்று ஒருவர் எழுதியிருப்பது நீங்கள் வாங்கப்போகும் பதிப்பைப் பற்றியதாகவே இருக்காது. கடையில் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே அத்தியாயத்தைத் திறந்து ஒரு பக்கம் படியுங்கள். ஒற்றுப்பிழை, விட்டுப்போன வரி, பத்தி பிரிக்காமல் ஓட்டிய இடம் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு புத்தகத்தின் நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். உள்ஓரத்தில் எழுத்து மடிப்புக்குள் போய் மறைந்தால் அந்தப் பதிப்பை வைத்துவிடுங்கள். ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய புத்தகத்தை வெறும் பசையில் ஒட்டியிருந்தால் முதல் வாசிப்பிலேயே முதுகு வெடிக்கும். தையல் பைண்டிங் என்றால் கூடுதலாக நூறு, இருநூறு கொடுத்தாலும் தகும்.

இப்போது மங்கா. சென்னையில் மங்கா படிக்கும் பிள்ளைகள் பெருகியதும், டூப்ளிகேட் அச்சும் கூடவே பெருகிவிட்டது. ஆங்கில மங்காவின் ஒரு வால்யூம் இங்கே பெரும்பாலும் 400 முதல் 600 ரூபாய் வரை எம்.ஆர்.பி. போட்டு வருகிறது. அதில் 20, 30 சதவீதம் தள்ளுபடி என்றால் நம்பலாம். 150 ரூபாய்க்கு ஒரு வால்யூம், அதுவும் புதியது என்றால் நம்ப முடியாது. டீமன் ஸ்லேயர் தொடர் மொத்தம் 23 வால்யூம். முழு செட் 3,000 ரூபாய் என்று ஒருவர் விற்றால் ஒன்றுக்கு 130 ரூபாய் விழுகிறது. உரிமம் வாங்கி, மொழிபெயர்த்து, அச்சிட்டு, விநியோகித்த புத்தகம் அந்த விலைக்கு வரவே வராது.

டூப்ளிகேட் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் கண்டுபிடிப்பது சுலபம். பெரும்பாலும் இணையத்தில் கிடக்கும் ஸ்கேன் பக்கங்களை எடுத்து அப்படியே அச்சிடுகிறார்கள். மங்காவில் வானம், நிழல், துணி எல்லாமே நுண்ணிய கறுப்புப் புள்ளிகளால் ஆனவை. சாம்பல் மை என்று ஒன்று அங்கே கிடையாது. அசல் புத்தகத்தில் ஒரு நிழல் பகுதியை போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் தனித்தனியாக, ஓரம் சுத்தமாக, ஒரே இடைவெளியில் நிற்கும். ஸ்கேனில் இருந்து அச்சானதில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி அழுக்குச் சாம்பலாகத் தெரியும், அல்லது அலை அலையாகக் கோடு ஓடும். இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் போதும்.

அடுத்தது கறுப்பு. முழுப் பக்கம் கறுப்பாக உள்ள இடத்தை விளக்குக்குச் சாய்த்துப் பிடியுங்கள். டோனரில் அச்சானது என்றால் ஜெராக்ஸ் தாள் போல மினுக்கும். பிறகு இரண்டு பக்கம் சேர்ந்து ஒரே படமாக வரும் இடம்: டூப்ளிகேட்டில் நடுவில் இரண்டு பாதியும் பொருந்தாது, அல்லது ஓரத்தில் பேச்சுக் குமிழி பாதி வெட்டுப்பட்டிருக்கும். முதுகில் வால்யூம் எண்ணும் பதிப்பகச் சின்னமும் அடுத்தடுத்த வால்யூம்களில் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். சற்று ஏறி இறங்கினால் பரவாயில்லை, விரல் அகலம் நகர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். தாள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தாலும் சந்தேகம்தான். சாதாரண ஷோனென் (சிறுவர்களுக்கான மங்கா) வால்யூம்கள் சற்று மங்கலான, லேசான தாளில்தான் வரும். அந்தத் தாள் ஓரிரு வருடத்தில் மஞ்சளாகும், மறுபக்கத்துக் கறுப்பு லேசாகத் தெரியும். அது அசலின் இயல்பு. அதைப் போலி என்று ரிட்டர்ன் செய்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில மங்கா பதிப்பகங்களில் விஸ் மீடியாவின் புத்தகங்கள் பெரும்பாலும் 978-1-4215 அல்லது 978-1-9747 என்று தொடங்கும். யென் பிரஸ் 978-1-9753, கொடான்ஷா 978-1-63236, 978-1-64651 போன்றவை. பின்னட்டையில் உள்ள எண்ணும் உள்ளே காப்புரிமைப் பக்கத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எண் சரியாக இருப்பதாலேயே அசல் என்று ஆகிவிடாது, அட்டையை அப்படியே நகலெடுப்பவன் எண்ணையும் நகலெடுப்பான். ஆனால் எண் தப்பாக இருந்தால் நிச்சயம் தப்பு. எந்த நாட்டில் அச்சானது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யவேண்டாம்.

ஐ.எஸ்.பி.என். உண்மையில் உதவுவது வேறு இடத்தில். ஆன்லைனில் தலைப்பைப் போட்டுத் தேடாதீர்கள், எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஒரே கதை பல பதிப்பாக வருகிறது. டெத் நோட் தனி வால்யூமாக 12. பிளாக் எடிஷனில் இரண்டிரண்டாகச் சேர்த்து 6. தனி வால்யூம் 1, 2, 3 வைத்திருப்பவர் அடுத்தது நான்கு என்று பிளாக் எடிஷன் நான்கை வாங்கினால் அதில் இருப்பது ஏழும் எட்டும். நடுவில் மூன்று வால்யூம் கதை காணாமல் போய்விடும். ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டிலும் இதே சிக்கல் உண்டு: தனியாக 27, மூன்று சேர்ந்த பதிப்பில் 9. தேடல் பக்கத்தில் இவை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, கிட்டத்தட்ட ஒரே அட்டையோடு வரும். பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். 200 வாக்கில் இருந்தால் தனி வால்யூம், 400 என்றால் இரண்டு சேர்ந்தது, 550, 600 என்றால் மூன்று.

விற்பவரைப் பார்ப்பது எப்படி? பெரிய தளம் என்பதாலேயே அந்தத் தளம் விற்கிறது என்று அர்த்தமில்லை. அது சந்தை, உள்ளே ஆயிரம் பேர் கடை போட்டிருக்கிறார்கள். ஒரே புத்தகப் பக்கத்தில் விலை குறைந்த செல்லர் தானாக மேலே வந்து நிற்கலாம். நேற்று நல்ல காப்பி வந்த அதே பக்கத்தில் இன்று வேறு செல்லர் இருப்பார். அதனால் ஒவ்வொரு முறையும் செல்லர் பெயரைத் தொட்டு உள்ளே போய், முகவரி இருக்கிறதா, வேறு என்ன விற்கிறார் என்று பாருங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி செல்லரின் பெயர், முகவரி, தொடர்பு விவரத்தைத் தளம் காட்டியாக வேண்டும். கடந்த இரண்டு மாத விமர்சனத்தை மட்டும் படியுங்கள். வாசகர்கள் போட்ட படங்களைப் பாருங்கள், தளம் போட்ட படம் எதற்கும் உதவாது.

இன்ஸ்டாகிராமில் செட் செட்டாக விற்பவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். யு.பி.ஐ.யில் முன்பணம் போனால் போனதுதான். கேஷ் ஆன் டெலிவரி பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் பணத்தைக் கொடுத்த பிறகுதான் கவரைப் பிரிக்கவே விடுவார்கள், அப்புறம் என்ன பாதுகாப்பு?

பார்சல் வந்ததும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்: முகவரி ஒட்டிய பக்கம், சீல், பிரிப்பது, புத்தகத்தின் நான்கு மூலை, முதுகு, காப்புரிமைப் பக்கம். புத்தகங்களுக்குப் பல இடங்களில் ரீபிளேஸ்மென்ட் மட்டும்தான் தருகிறார்கள். டூப்ளிகேட்டுக்கு ரீபிளேஸ்மென்ட் கேட்டால் இன்னொரு டூப்ளிகேட் வரும். காரணம் கேட்கும் இடத்தில் "பிடிக்கவில்லை" என்று போடாதீர்கள். போலி, விவரத்தோடு பொருந்தவில்லை என்று போட்டு, புள்ளிகள் தெரியும் படத்தை இணையுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகப் பதில் தரவேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இருநூறு ரூபாய்க்கு எதற்கு அலைச்சல் என்று விட்டுவிடாதீர்கள். நாம் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு இருநூறும்தான் அந்த டூப்ளிகேட் அச்சகத்தின் லாபம்.

சரி, கடை ஏன் அந்த விலைக்குத் தர முடியாது? 500 ரூபாய்ப் புத்தகத்துக்கு 35 சதவீதம் கழிவு கிடைத்தால் கடைக்கு 325-க்கு வருகிறது. மீதி 175-ல்தான் அண்ணா சாலையிலோ அடையாறிலோ வாடகை, சம்பளம், கரண்ட், விற்காமல் தேங்கும் புத்தகம் எல்லாம். ஆன்லைனில் 350-க்கு விற்பவருக்கு அந்தச் செலவு இல்லை. கடை பத்து சதவீதம் தள்ளினால் 450. நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது நூறு ரூபாய். அதற்குப் பதிலாக, மூலை நசுங்காத காப்பியைப் பொறுக்கி எடுக்கலாம், போலியாக இருக்குமோ என்ற பயம் இல்லை, டெலிவரி கட்டணமும் இல்லை. கடையில் அரை மணி நேரம் புரட்டிப் பார்த்து, அங்கேயே நின்று போனில் ஆர்டர் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புரட்டிப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மங்காவுக்கு ஜப்பானியப் பதிப்பகமான ஷூயேஷாவின் மங்கா பிளஸ் செயலியில் பல தொடர்களின் முதல் சில அத்தியாயங்கள் இலவசம், சட்டப்படியானவை.

"கடையில் 1, 2, 3 இருக்கும், அப்புறம் 11 இருக்கும், நடுவில் எதுவும் இருக்காது" என்பது எல்லோரும் சொல்லும் குறை. நியாயமான குறைதான். ஆனால் அது ஏன் என்றும் பார்க்கவேண்டும். கடை எதை விற்றதோ அதைத்தான் திரும்ப வரவழைக்கும். முதல் வால்யூமைக் கடையில் வாங்கிவிட்டு மீதியை ஆன்லைனில் வாங்குகிறோம், அதனால் முதல் வால்யூம் மட்டுமே திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கு வழி இருக்கிறது, நம்மில் மிகச் சிலரே பயன்படுத்துகிறோம்: கடையில் சொல்லி வரவழைப்பது. விஸ் மீடியா புத்தகங்கள் இந்தியாவுக்கு சைமன் & ஷுஸ்டர் வழியாகவும், யென் பிரஸ் ஹாச்செட் வழியாகவும், கொடான்ஷா பெங்குயின் ரேண்டம் ஹவுஸ் வழியாகவும் வருகின்றன. பெரிய கடைகளுக்கு இவர்களோடு கணக்கு உண்டு. விநியோகஸ்தரின் இந்தியக் கிடங்கில் இருந்தால் ஓரிரு வாரம். இல்லையென்றால் அடுத்த கப்பலோடு வரவேண்டும், அதற்கு மாதக்கணக்கில் கூட ஆகலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே முன்பணம் கொடுங்கள். ஒரு வால்யூம் எங்கேயும் இல்லை, ஒரே ஒரு செல்லர் மட்டும் 2,000 ரூபாய் சொல்கிறார் என்றால் பெரும்பாலும் மறுஅச்சுக்கு இடைப்பட்ட காலம். காத்திருங்கள், திரும்ப வரும்.

தமிழ் காமிக்ஸ் இதற்கு நேர்எதிர். சிவகாசியில் இருந்து வரும் முத்து காமிக்ஸ் 1972-லும் லயன் காமிக்ஸ் 1984-லும் தொடங்கியவை. குறைந்த பிரதிகள், சந்தா கட்டியவர்களுக்கு முன்னுரிமை. கடையில் பார்த்து வாங்கலாம் என்று இருந்தால் தீர்ந்துவிடும். இதைச் சந்தாவிலோ பதிப்பகத்திடம் நேரடியாகவோ வாங்குவதே ஒழுங்கு. தீர்ந்துபோனால் பழைய புத்தகச் சந்தையில் சொல்லும் விலை வேறு.

பழைய புத்தகம் என்றால் கடைதான், ஆன்லைன் பேச்சே வேண்டாம். சென்னையின் பழைய புத்தகச் சந்தையாக இருந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூர் லஸ்ஸிலும் நடைபாதைக் கடைகள் இருக்கின்றன. அங்கே வாங்கும்போது முதுகின் உள்பக்கத்தையும் தைத்த இடத்தையும் பாருங்கள். பூச்சி அரித்த ஓட்டையோ மாவு போன்ற துகளோ இருந்தால் வீட்டு அலமாரிக்குள் நேராகக் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக மழை. அக்டோபர் பாதியில் இருந்து டிசம்பர் வரை ஆன்லைனில் பாக்ஸ் செட் ஆர்டர் போடாமல் இருப்பது நல்லது. காகிதக் கவரில் வரும், வாட்ச்மேன் மேசையில் கிடக்கும், கீழ் ஓரம் ஊறிவிடும். நனைந்து வந்தால் வெயிலில் வைக்காதீர்கள், தாள் வளைந்துபோகும். இருபது பக்கத்துக்கு ஒரு டிஷ்யூ தாள் வைத்து, மின்விசிறிக்குக் கீழே நிமிர்த்தி நிறுத்துங்கள், ஈரமான டிஷ்யூவை மாற்றிக்கொண்டே இருங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் படுக்கவைத்து மேலே கனம் வையுங்கள். அதற்கு முன்னால் வீடியோவும் படமும் எடுத்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள், காய்ந்த புத்தகத்துக்கு யாரும் ரீபிளேஸ்மென்ட் தரமாட்டார்கள்.