வரிசையில் நிற்க வைத்ததே நீங்கள்தானே!

ஆட்டிசம் உள்ள என் மகனுக்குப் பயிற்சி கேட்டு விண்ணப்பித்திருந்த மையத்திலிருந்து இன்று காலை போன். "உங்க பையனோட முறை வந்திருச்சு மேடம்" என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அடுத்த கேள்வி பிறந்த தேதி. சொன்னேன். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அப்புறம், "வயசு தாண்டிருச்சே மேடம், இது சின்னப் பிள்ளைங்களுக்கான ஆரம்பகாலப் பயிற்சியாச்சே. நீங்க முன்னாடியே வந்திருக்கணும்."

முன்னாடியே வந்திருக்கணுமாம்! விண்ணப்பம் கொடுத்த அன்று அவன் வயது வரம்புக்குள்தான் இருந்தான். உங்கள் காத்திருப்புப் பட்டியலில் இருந்துகொண்டேதான் அவன் வளர்ந்தான். பட்டியல் நகரும்வரை பிள்ளை வளராமல் இருக்குமா?

விண்ணப்பித்த தேதியைப் பாருங்கள் என்றேன். அது இவருடைய கணினியில் தெரியாதாம், வேறு பிரிவாம். அந்தப் பிரிவுக்கு இணைப்பு கொடுத்தார். அங்கே முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பெயர், பிறந்த தேதி, என்ன குறைபாடு, எப்போது தெரிந்தது, சுகப்பிரசவமா, பிறந்ததும் அழுதானா. வயது வரம்பு பற்றிக் கேட்க வந்தவளிடம் பிரசவக் கதை எதற்கு? இருந்தும் சொன்னேன். இதையெல்லாம் எத்தனை கவுன்ட்டரில் ஒப்பித்திருப்பேன்! எல்லாம் கேட்டுவிட்டு, "பெரிய பிள்ளைங்க பிரிவுல புதுசா விண்ணப்பிங்க" என்றார். அங்கே வரிசை இருக்கிறதா? இருக்கிறது. அங்கேயும் வயது வரம்பு உண்டா? "பார்த்துச் சொல்றோம்."

மூளை மிக வேகமாக வளர்வது முதல் சில வருடங்களில்தான், அதனால் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுப்பதும் இவர்கள்தான். அந்த வருடங்களை வரிசையிலேயே கரைத்துவிட்டுத் தாமதம் எங்களுடையது என்கிறார்கள்.

ஆட்டிசம் என்று சொன்ன மருத்துவர் ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எந்த அலுவலகம், எந்தச் சான்றிதழ், முதலில் எது, யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தெரபி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற அம்மாக்கள் சொன்னது. பேச்சு வரவில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள் என்றவர் அவர்களில் ஒருவர். முடிவான அறிக்கை வரும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம் என்றவர் இன்னொருவர். ரிப்போர்ட் ஒவ்வொன்றையும் நகலெடுத்து ஒரே ஃபைலில் வையுங்கள், அசலை எங்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொன்னவர் முன்பின் அறியாத பெண். சம்பளம் வாங்கும் ஒருவர்கூட இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த பெஞ்சில் உட்கார வாய்க்காத அம்மா யாரிடம் கேட்பாள்?

இதெல்லாம் சலுகையும் இல்லை. 1989-ல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 23-வது பிரிவு மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குச் சிறப்புக் கவனிப்பு பெறும் உரிமை உண்டு என்கிறது. 2006-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையிலும் அதே எண்தான், 23. குழந்தைக்கும் குடும்பத்துக்கும் தகவலும் சேவையும் ஆதரவும் சீக்கிரமாகவும் முழுமையாகவும் கிடைக்கச் செய்வதாக நாடுகள் அதில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. சீக்கிரமாக! உலகில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் கிட்டத்தட்ட 24 கோடி என்று யுனிசெஃப் 2021-ல் கணக்குச் சொன்னது. அத்தனை குடும்பங்களும் ஒன்றுமே தெரியாமல் முதலிலிருந்து தேட வேண்டுமா?

"உங்களை மாதிரி தைரியசாலிக்குத்தான் கடவுள் இப்படிப் பிள்ளையைக் கொடுப்பார்" என்று யாரும் இனி என்னிடம் சொல்ல வேண்டாம். எனக்குப் பாராட்டு தேவையில்லை. கூப்பிட்டால் எடுத்து, கேட்டதற்குப் பதில் சொல்கிற ஒரு தொலைபேசி எண் போதும்.

சரி, புது விண்ணப்பமும் எழுதியாகிவிட்டது. விண்ணப்பித்த தேதியைப் பெரிதாக மேலேயே எழுதி, முத்திரை போட்ட நகலையும் வாங்கிவிட்டேன். இன்னொன்று. அந்தக் காத்திருப்பு அறையில் நாள் முழுக்க அலறுகிறதே ஒரு டிவி, அதை யார் பார்க்கிறார்கள்? சத்தம் தாங்காத பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறார்கள். ரிமோட் எங்கே என்று கேட்டால், அதுவும் வேறு பிரிவாம்!