சோபாவுக்கு முன்னால் டேப்பை எடுங்கள்

புது சோபா வாங்கக் கிளம்புகிறவர் போனில் ஐம்பது படம் இருக்கும். ஹால் என்ன நீளம், என்ன அகலம் என்று கேட்டால் இரண்டு கையையும் விரித்து "இவ்வளவு வரும்" என்பார். ரசனைக்கு யாரிடமும் குறைவில்லை, அளவுதான் யார் கையிலும் இல்லை. வீட்டுக்குச் சாமான் வாங்கும் விஷயத்தில் என் கட்சி இதுதான்: நடக்கிற இடத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும், மிச்சத்தில்தான் மரச்சாமான். நாம் செய்வது தலைகீழ். சாமானையெல்லாம் இறக்கிவிட்டு, மிஞ்சுகிற சந்தில் புகுந்து புகுந்து நடக்கிறோம்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 12க்கு 10 ஹால் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளச் சுவரோரம் மூன்று பேர் உட்காரும் சோபா. அதன் ஆழம் 3 அடி. பத்தில் மூன்று போனால் ஏழு. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே கால் வைக்க ஒன்றரை அடியாவது வேண்டும். மிச்சம் ஐந்தரை. டீப்பாய் 2 அடி, மிச்சம் மூன்றரை. எதிர்ச்சுவரில் டிவி யூனிட், ஒன்றரை அடி. கடைசியில் கையில் நிற்பது 2 அடி. அந்த வீட்டின் முக்கியமான நடைபாதை அதுதான்! ஒருவர் இடிபடாமல் சாதாரணமாக நடந்து போக 30 முதல் 36 இன்ச் வேண்டும். துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு 24 இன்ச்சில் என்ன ஆகும் என்று டீப்பாயின் முனையைக் கேட்டால் சொல்லும். இந்த ஹாலில் போக வேண்டியது டீப்பாய்தான். அதன் இடத்தில் சோபா கைப்பிடிக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டூல் ஒன்று போதும். ஆனால் செட்டாக வாங்கிவிட்டார்களே, செட்டைப் பிரிக்க மனசு வராது.

கடையில் இது தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. அங்கே கூரை உயரம், தளம் விசாலம். யானையே உட்காரலாம் போன்ற சோபாவும் அங்கே அடக்கமாகத்தான் தெரியும். அதனால் பழைய செய்தித்தாளை எடுங்கள். வாங்க நினைக்கும் சாமானின் அளவுக்கு ஒட்டி, அது வரப்போகிற இடத்தில் தரையில் விரித்து, ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டு இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிடுங்கள். வீட்டில் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். பள்ளிக்குப் பிள்ளைகள் கிளம்பும் அமளியில் எந்தப் பக்கத்துத் தாள் கிழிகிறதென்று பாருங்கள். கிழிந்த இடம் வழி. அங்கே சோபா வரக்கூடாது.

எல் வடிவ சோபாவைப் பற்றி தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதன் மூலையில் யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் இரண்டு பக்கத்து ஆள்களின் முட்டியும் வந்து இடிக்கும். ஆறு பேருக்கு என்று விற்கும் சோபாவில் நாலு பேர்தான் சுகமாக உட்கார முடியும். மூலை தலையணைகளின் குடியிருப்பாகிவிடும். இடது எல், வலது எல் என்று வேறு இருக்கிறது. வாடகை வீடு மாறினால் புது வீட்டில் வாசல் எதிர்ப்பக்கம் இருக்கும், சோபா வழியை மறித்துக்கொண்டு நிற்கும். ஒரு மூன்று பேர் சோபாவும் இரண்டு தனி நாற்காலியும் இருந்தால் இழுத்துப் போடலாம், திருப்பிப் போடலாம், அறை மாற்றலாம். சொந்த வீடு, பெரிய ஹால், எல்லோரும் சாய்ந்து படுத்து டிவி பார்க்கும் குடும்பம் என்றால் மட்டும் எல் வடிவத்துக்கு நான் சரி சொல்வேன். எதுவானாலும் வாசல் நிலையின் அகலம், மாடிப்படி திரும்பும் இடம், லிஃப்ட் கதவு மூன்றையும் அளந்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கடைக்காரர் "நாற்பது டென்சிட்டி ஃபோம்" என்பார். பலரும் அதை ஃபோமின் கடினம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். மெத்தென்றிருப்பதும் விறைப்பாக இருப்பதும் வேறு சமாசாரம். டென்சிட்டி கூடினால் பொதுவாக ஆயுள் கூடும். தினமும் உட்காரும் இருக்கைக்கு 32க்குக் கீழே போகாதீர்கள், 40 கிடைத்தால் நல்லது. இருக்கை உயரம் 17, 18 இன்ச் இருப்பது வழக்கம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்னும் ஓரிரு இன்ச் கூடுதலாக, கையை ஊன்றி எழ உறுதியான கைப்பிடியோடு ஒரு நாற்காலியாவது வேண்டும். தாழ்வான, ஆழமான சோபாவில் தாத்தாவை உட்கார வைத்துவிட்டு, எழுப்ப ஆள் கூப்பிடுவது என்ன மரியாதை? உறைக்கு ஜிப் இருக்கிறதா, கழற்றித் துவைக்கலாமா என்றும் கேளுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் துணியின் நிறத்தைவிட இது பெரிய கேள்வி.

சாப்பாட்டு மேசைக்கு ஒரு ஆளுக்கு 24 இன்ச் அகலம், நாற்காலியை இழுத்து எழ மேசை விளிம்பிலிருந்து சுவர் வரை 3 அடி. இது முடியாதென்றால் நாலு பேர் மேசையே போதும். பாதி வீடுகளில் அது படிக்கிற மேசை, லேப்டாப் மேசை, துணி மடிக்கிற மேசை எல்லாமும்தானே. அதனால் அதன் மேலே நல்ல வெளிச்சமும் பக்கத்துச் சுவரில் பிளக் பாயிண்டும் வைத்துவிட்டால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் காலில் சிக்காது.

சமையலறையை அளந்து அமைப்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்கு ஒரு சமையலறை வடிவமைத்தார். வேலை செய்கிறவர் வைக்கும் அடியையும் ஆகும் நேரத்தையும் கணக்கெடுத்துத் திட்டமிட்டது. மொத்தம் சுமார் 70 சதுர அடி. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி. ஆனால் அதில் ஒரு குறை: ஒருவர்தான் நின்று வேலை செய்ய முடியும். வீட்டில் ஒரே ஆள்தான் சமைப்பார் என்று அறையே முடிவு செய்துவிடுகிறது. இரண்டு மேடைகளுக்கு நடுவே ஒருவர் என்றால் மூன்றரை அடி, இருவர் என்றால் 4 அடி விட வேண்டும். வீட்டு வேலையில் எல்லோரும் பங்கெடுக்க வேண்டும் என்று பேசுகிற நாம் அந்த அரை அடியைக் கொடுக்கிறோமா? மேடையின் உயரமும் நிற்கிறவரைப் பொறுத்தது. முழங்கையை மடித்து நின்று, அதற்கு 4 முதல் 6 இன்ச் கீழே மேடை வந்தால் தோள் வலிக்காது. கீழ் அலமாரிகளுக்குக் கதவு வேண்டாம், டிராயர் போடுங்கள். குனிந்து, தலையை உள்ளே விட்டுத் துழாவுகிற வேலை மிச்சம்.

அலமாரி என்றதும் எல்லாவற்றையும் 2 அடி ஆழத்துக்கு அடித்துவிடும் கார்பெண்டர்கள் உண்டு. ஹேங்கரில் துணி மாட்ட அந்த ஆழம் தேவை. புத்தகத்துக்கு 10, 12 இன்ச் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு வரிசையாகும், பின்வரிசை கண்ணுக்கே படாது. மரத்தூளை அழுத்திச் செய்யும் 18 மி.மீ பார்ட்டிகிள் போர்டில் புத்தகத் தட்டு செய்தால் இரண்டு அடிக்கு ஒரு தாங்கல் கொடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் தொய்யும். அதே போர்டும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையும் தண்ணீர் பட்டால் உப்பும். சிங்க்குக்குக் கீழே இரண்டும் வேண்டாம். புது போர்டு சாமான் வந்ததும் அடிக்கிற நெடியில் ஃபார்மால்டிஹைடு என்ற கண், மூக்கை எரிக்கும் வாயு கலந்திருக்கலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தை தூங்கும் அறையில் இந்த வேலையைச் சில வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள்: உயரமான பீரோ, டிராயர் வைத்த அலமாரி எல்லாவற்றையும் சுவரோடு எல் கிளாம்ப் போட்டு முடுக்கிவிட வேண்டும். குழந்தைக்குத் திறந்த டிராயர் என்பது படிக்கட்டு. ஏறினால் முழு அலமாரியும் முன்னால் சாயும். குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். டிவியை டிராயர் அலமாரி மேல் வைப்பதும் அதே ஆபத்து.

கலரை நான் கடைசிக்குத் தள்ளுவேன், விளக்குக்கும் பிறகு. பல்பு பெட்டியில் வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் கெல்வின் எண் இருக்கும். 2700, 3000 மஞ்சள் சாயல். 4000 நடுத்தரம். 6500 நீலம் பாய்ந்த வெள்ளை. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையல் மேடைக்கும் படிப்பு மேசைக்கும் 4000 என்பது என் தேர்வு. நட்டநடுவில் ஒரே ஒரு டியூப் லைட் மாட்டினால் மேடையில் நீங்கள் நறுக்குகிற இடத்தில் உங்கள் நிழலே விழும், மேல் அலமாரிக்கு அடியில் ஒரு எல்.இ.டி பட்டை போட்டால் தீர்ந்தது. ஃபால்ஸ் சீலிங்கில் இருபது விளக்கு வைத்துவிட்டு, படுக்கைக்குப் பக்கத்தில் படிக்க ஒன்றுகூட இல்லாத வீடுகள் எத்தனை!

விளக்கை மாட்டிய பிறகு, பிடித்த இரண்டு மூன்று நிறத்தை வெவ்வேறு சுவரில் 2 அடிச் சதுரமாக அடித்து, பகலிலும் இரவிலும் பாருங்கள். ஷேட் கார்டில் பார்த்த நிறம் சுவரில் வேறாகத் தெரியும். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் சுவரின் மேடு பள்ளத்தை மறைக்கும், ஆனால் கைக்கறையைத் துடைத்தால் பளபளப்பாகத் திட்டுத் திட்டாகும். பிள்ளைகளின் கை எட்டும் உயரத்துக்கு லேசாக மினுங்கும் சாட்டின் பெயிண்ட் அடியுங்கள், ஈரத்துணியால் துடைக்கலாம். மிஞ்சிய பெயிண்டைச் சின்ன டப்பாவில் இறுக மூடி, மூடியிலேயே ஷேட் நம்பரையும் எந்த அறை என்பதையும் எழுதி வைத்துவிடுங்கள்.