பெரம்பூர் ஃபிட்டர் வீட்டிலிருந்து

ஞாயிறு காலை தெருமுனை டீக்கடையில் பேச்சு எப்படியோ, அணுவைவிடச் சின்ன துகள்களை ஆராய்கிற செர்ன் ஆய்வகத்துப் பக்கம் போனது. காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற அண்ணன் கேட்டார்: "கண்ணுக்கே தெரியாத துகளை மோதவிட்டுப் பாக்க இத்தினி கோடியா? அந்தத் துட்டுல எத்தினி பேருக்குச் சோறு போடலாம்!"

பசி தெரிந்தவர் கேட்கிற கேள்வி. தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. பாதி பதில் அங்கேயே சொன்னேன், மீதி இங்கே.

கேட்கும்போதே அவர் கையில் போன். கடலில் காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம் என்று ஒரு இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கங்களையெல்லாம் இணைக்கிற வலை, அதாவது 'வெப்', பிறந்த இடமே செர்ன்தான். பல நாட்டு விஞ்ஞானிகள் தகவலைப் பகிர்ந்துகொள்ள 1989-இல் அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ யோசித்தது. 1993 ஏப்ரல் 30 அன்று, யாரும் காசு கட்ட வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று செர்ன் உலகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டது. பக்கத்துக்கு இவ்வளவு என்று அன்றைக்கு விலை வைத்திருந்தால் காசிமேடு வரை வந்திருக்குமா?

என் அப்பா ஐ.சி.எஃப்.-இல் ஃபிட்டர். 1955-இல் சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு பெரம்பூரில் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை. அதற்கு முந்தின வருஷம்தான் அதே சுவிட்சர்லாந்தில், ஜெனீவாவில், 12 நாடுகள் சேர்ந்து செர்னைத் தொடங்கின. அவற்றில் சில, ஒன்பது வருஷம் முன்புவரை ஒன்றன்மேல் ஒன்று குண்டு போட்டவை. ராணுவ வேலை கிடையாது, ஆய்வு முடிவுகள் எல்லோருக்கும் பொது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள். எனக்கு இதுவே பெரிய விஷயம்.

ரிட்டயர் ஆகியும் அப்பா நுணுக்கமாக அளக்கிற தன் மைக்ரோமீட்டர் கருவியைப் பனியன் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறார். அவரிடம் சொன்னேன்: செர்னில் துகள்களை மோதவிடுகிற இயந்திரம், பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டம். 1,232 பெரிய காந்தங்கள், ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன். அவற்றைத் தாங்கி நிற்கிற ஜாக்கிகள் இந்தியாவில் செய்து அனுப்பியவை, கிட்டத்தட்ட 7,000.

"எத்தினி மைக்ரான்ல நிறுத்தணும்?"

"அம்பது."

ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "முப்பத்தஞ்சு டன்னையா?" என்றார். பிறகு அந்தத் துணியைப் பிரித்து மைக்ரோமீட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அத்தைக்குப் புற்றுநோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டிய பெட் ஸ்கேனிலும் செர்னுக்குப் பங்கு உண்டு. அந்தக் கருவி அங்கே பிறந்ததல்ல. ஆனால் துகளைப் பிடிக்கச் செய்த கருவிகளை வைத்து 1977-இலேயே அங்கே ஒரு எலியைப் படம் பிடித்தார்கள். அத்தை அன்று வெறும் வயிற்றோடு ஊசி போட்டுக்கொண்டு தனி அறையில் ஒரு மணி நேரம் படுத்திருந்தாள். சோறா ஆராய்ச்சியா என்ற கேள்வி அந்த அறை வாசலில் எனக்குத் தோன்றவே இல்லை.

என் ஆதங்கம் வேறு. 2017-இலிருந்து இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடு. நம் ஆட்கள் அங்கே வேலைக்கு விண்ணப்பிக்கலாம், நம் கம்பெனிகள் டெண்டர் போடலாம். அங்கே சம்பளத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்ஜினியர்களும் டெக்னீஷியன்களும்தான். வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் ஐடிஐ, பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளைகளிடம் இதை யார் சொல்கிறார்கள்? வெல்டிங்கும் ஃபிட்டிங்கும் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

ஐஸ் உடைக்கிற அண்ணனின் மகன் ஃபிட்டர் ட்ரேடு இரண்டாம் வருஷம். வர்ற ஞாயிறு அவனை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அப்பா காத்திருக்கிறார்.