பாஸிங் அவுட்டுக்கு, அதாவது ஆர்மி ட்ரெய்னிங் முடியறதுக்கு முன்னாடி அடிபட்டா அது சர்வீஸ் இல்லையா?

எங்க வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்ல வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆளுங்க இருப்பாங்க, பென்ஷன், கேன்டீன் கார்டு, இசிஹெச்எஸ் (எக்ஸ் சர்வீஸ்மேன் குடும்பங்களுக்கான வைத்தியத் திட்டம்)னு டீக்கடையிலயே பேச்சு ஓடும். ஆனா ஆர்மிக்குன்னு போய் உடம்பைப் பறிகொடுத்தும் எக்ஸ் சர்வீஸ்மேன் கணக்குலயே வராத பசங்க இருக்காங்கன்னு அங்கயே நிறைய பேருக்குத் தெரியாது. கடக்வாஸ்லா என்டிஏ, டேராடூன் ஐஎம்ஏ, நம்ம பரங்கிமலை ஓடிஏன்னு ராணுவ அகாடமிகள்ல ட்ரெய்னிங்ல அடிபட்டு மெடிக்கல் போர்டு வெளிய அனுப்பின ஆபிசர் கேடட்ஸ், அதாவது ஆபிசர் ஆகப் பயிற்சி எடுக்கிற பசங்க. 1985ல இருந்து சுமார் 500 பேர்னு பேப்பர்ல வந்துச்சு.

காரணம் என்னன்னா கமிஷன், அதாவது ஆபிசர் பதவி வாங்கினாதான் சர்வீஸாம், அதுக்கு முன்னாடி அடிபட்டா பென்ஷன் கிடையாது, எக்ஸ்கிரேஷியாங்கிற கருணைத் தொகை மட்டும்தான், ஊனத்தோட அளவைப் பொறுத்து அதிகபட்சம் மாசம் 40,000 ரூபா கிட்ட. கழுத்துக்குக் கீழ உணர்வே இல்லாம படுத்திருக்கிற பையனை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லன்னா படுக்கைப்புண் வந்துடும், ராத்திரியும் அப்படித்தான், யூரின் ட்யூப் மாத்தணும், பிசியோதெரபி இருக்கு, வயசான அம்மா அப்பாவால எவ்ளோ நாள் முடியும், ஆள் வெச்சா வர்ற பணத்துல பாதி அவர் சம்பளத்துக்கே போயிடும்.

எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற இடம் வேற. ஜவானா சேர்ந்த ரெக்ரூட் ட்ரெய்னிங்ல அடிபட்டு டிஸெபிலிட்டி பென்ஷனோட வெளிய வந்தா 2006 பிப்ரவரில இருந்து அவரும் எக்ஸ் சர்வீஸ்மேன்தான். அது ரொம்ப சரி. அதே மாதிரி கயிறு ஏறி, முதுகுல பேக்கோட ஓடி, பாக்ஸிங் ரிங்ல இறங்குற கேடட்டுக்கு மட்டும் ஏன் இல்ல? ரெண்டு பேருமே உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சு செஞ்சதுதானே, சுவர் ஏறுன்னா ஏறித்தான் ஆகணும், எனக்கு வேணாம் சார்னு யாரும் சொல்ல முடியாது.

2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தானா முன்வந்து இந்த விஷயத்தைக் கேஸா எடுத்துச்சு, அந்த மாசக் கடைசிலயே இசிஹெச்எஸ் வைத்தியம் இவங்களுக்கும் உண்டுன்னு ஆர்டர் வந்துச்சு. சந்தோஷம்தான், ஆனா மருந்து செலவு ஒரு பகுதிதான், இருபது வயசுல படுத்த பையன் இன்னும் அம்பது வருஷம் வாழணும்ல.

ரெக்ரூட்டுக்கு மாத்தின மாதிரி கேடட்டுக்கும் எக்ஸ் சர்வீஸ்மேன்ங்கிற டெஃபினிஷனை மாத்துங்க, எக்ஸ்கிரேஷியாவை டிஸெபிலிட்டி பென்ஷனா ஆக்குங்க, பழைய கேஸ்களையும் சேர்த்து. நம்ம எம்பிக்கள் பார்லிமென்ட்ல இதைக் கேட்கணும், உங்க தொகுதி எம்பி பேஜ்ல போய் நீங்களும் எழுதுங்க.