பச்ச உடம்புக்காரிக்குச் சுறாப்புட்டா?

போன ஞாயித்துக்கெழம கோயமுத்தூர் உக்கடம் மீன் மார்க்கெட் போயிருந்தேன். தங்கச்சி புள்ள பெத்து இருபது நாள் ஆச்சுன்னு வாய்தவறிச் சொல்லிட்டேன். "பால் சுறா வந்திருக்குதுங்கம்மிணி, பச்ச உடம்புக்காரிக்குப் பால் ஊற இதானுங்க மருந்து"ன்னு கடைக்காரண்ணன் கத்தியை எடுத்துட்டார். வேண்டாங்கண்ணா, மத்தி போடுங்கன்னேன். ஏற எறங்கப் பார்த்தார்.

மூத்தவன் பொறந்தப்ப நானும் அமுச்சி (அம்மாவோட அம்மா) கையால சுறாப்புட்டு தின்னவதான். பூண்டும் மொளகும் தூக்கலா, அந்த ருசிக்கு ஈடில்லைங்க.

சிக்கல் பாதரசத்துல இருக்கு. சின்ன மீன்ல துளியா ஏறுறது, அதைத் தின்னும் பெரிய மீன்ல சேந்து, பல வருசம் வாழுற சுறாவுல குமிஞ்சு கெடக்குது. சதையோட ஒட்டிக்கிறதால வேகவெச்சாலும் கருவாடாக்கினாலும் போகாது. நம்ம உடம்புல ஏறுனதுல பாதி எறங்கவே சுமார் 50 நாள் ஆகும். கொழந்தையோட மூளைக்குத்தான் முதல் அடி. ஜப்பான்ல மினமாட்டாவுல ஆலைக்கழிவுப் பாதரசம் ஏறுன மீனைத் தின்ன தாய்மாருக்குப் பெருசா ஒண்ணும் தெரியலை, பொறந்த கொழந்தைக முடங்கிப் போச்சு. அந்த நோய் வெளிய தெரிஞ்சது 1956-ல.

பால் வழியாக் கொழந்தைக்குப் போறது, வயித்துல இருக்கறப்பப் போறதைவிடக் கம்மிதான். ஆனாலும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மாசமானவங்களும் பால் குடுக்கறவங்களும் தவிர்க்கச் சொல்ற பட்டியல்ல சுறா இருக்குது. நம்ம வஞ்சிரத்தோட அட்லாண்டிக் பங்காளியும் இருக்குது. குட்டிச் சுறான்னா பரவால்லையான்னு கேப்பீங்க. கம்மிதான், ஆனா வெட்டுன துண்டைப் பார்த்து வயசு சொல்ல முடியுங்களா?

வேடிக்கை என்னன்னா, மாசமா இருக்கறப்ப "மீன் தின்னா கொழந்தைக்குக் கரப்பான்"னு கண்ணுலயே காட்ட மாட்டாங்க. பெத்ததும் சுறாவை ஊட்டுவாங்க. மூளை வளர மீன் கொழுப்புல இருக்கற ஒமேகா-3 வேணுங்கறதே வயித்துல இருக்கறப்பவும்தானுங்க! மத்தி, நெத்திலி, அயிலை, வாரம் ரெண்டு மூணு தடவை, மொத்தம் 225-லிருந்து 340 கிராம், நல்லா வேகவெச்சு. கடல் மீன் புடிக்காட்டி பவானிசாகர் டேம் கட்லா, ரோகு வாங்குங்க. சாயத்தண்ணியும் சாக்கடையும் கலக்குற கொளத்து மீன் மட்டும் வேண்டாம், நொய்யல் ஆத்துக் கதை நமக்குத் தெரியாததா?

பால் ஊறுறது கொழந்தை சப்பச் சப்பத்தான். இதை அமுச்சிகிட்டச் சொன்னேன். "நாங்க பெத்து வளக்கலையா கண்ணு"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.

நேத்து மத்தியை வேகவெச்சு, முள்ளு பொறுக்கி, அதே பூண்டு மொளகோட புட்டாக்கிக் குடுத்துச்சு. சுறா மாதிரி உதிரலைன்னு மூணு தடவை சொல்லிருச்சு.