முருங்கைக்கீரை சமைக்காததால்தான் ரத்தசோகையா?

“டெல்டாப் பெண்களின் ரத்தசோகைக்குச் சோம்பல்தான் காரணம், வேலியில் முருங்கை இருந்தும் பறிப்பதில்லை” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேற்பட்டோர் சோம்பேறிகளா?

கீரையின் இரும்புச்சத்து உடம்பில் குறைவாகவே சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அதுவும் குறையும். கழிப்பறை இல்லாத தெருவுக்கு வாய்க்கால் கரைதான் ஒதுக்குப்புறம். மலத்தோடு வரும் கொக்கிப்புழு முட்டை அந்த ஈரமண்ணில் பொரிக்க, வெளிவரும் புழு செருப்பில்லாத காலைத் துளைத்து, குடலில் தங்கி ரத்தம் உறிஞ்சும். நடவு நாளில் இரும்பு மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் கூலி போச்சு.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. இரும்பு மாத்திரைக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம்.