இயந்திரம் பட்டால் மரச்சட்டம் பலமிழக்குமா?

தூணையும் உத்தரத்தையும் மூட்டி எழுப்பும் மரச்சட்ட வீடுகளைப் பற்றி, "உண்மையான மரச்சட்ட வீட்டில் ஒரு இரும்பு ஆணிகூட இருக்காது, எல்லாம் உளி வேலைதான். இயந்திரத்தில் அறுத்தால் மூட்டு தாங்காது" என்றொரு பதிவு சுற்றிவருகிறது. இரண்டுமே தவறு.

முதலில் ஆணி. முக்கிய மூட்டுகளைப் பிடிப்பது மரமுளைதான் (மரத்தாலான ஆணி), சரி. ஆனால் 1300 ஆண்டுப் பழைமையான ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலைப் பிரித்துப் பழுதுபார்த்தபோது, அதிலிருந்து பழைய இரும்பு ஆணிகள் கிடைத்தன. இன்றைய கட்டடங்களிலும் பாரம் கேட்கும் இடத்தில் போல்ட்டும் எஃகுத் தகடும் போடுகிறார்கள்.

அடுத்தது இயந்திரம். மூட்டின் பலம் மரத்தின் ரேகை ஓட்டத்திலும், ஈரப்பதத்திலும், கழுந்து (ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) மற்ற மரத்தின் துளைக்குள் எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது என்பதிலும் இருக்கிறது. எதை வைத்து வெட்டினோம் என்பது மரத்துக்குத் தெரியாது! பல பட்டறைகளில் வட்ட ரம்பத்தால் அறுத்து, சங்கிலித் துளைப்பானால் குடைந்துவிட்டு, கடைசி ஓரிரு மில்லிமீட்டரை உளியால் சீவுகிறார்கள். கணினி இயக்கும் இயந்திரங்கள் முழு மூட்டையுமே வெட்டித் தருகின்றன.

ஒரு நுணுக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். கழுந்தில் போடும் முளைத்துளையைத் தூணில் உள்ள முளைத்துளைக்கு நேராக வைக்காமல், தோள்பக்கமாக (கழுந்து தொடங்கும் அடிப்பக்கமாக) சுமார் 3 மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். கூர்முனை முளையைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கும்போது அது லேசாக வளைந்து, கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கும். பச்சை மரம் காய்ந்து சுருங்கினாலும் மூட்டு எளிதில் விலகாததற்கு இதுவே காரணம். அந்தத் துளையைக் கைத்துரப்பணத்தால் போட்டாலும் மின்துரப்பணத்தால் போட்டாலும் பிடி ஒன்றுதான்.